ஒன்ராறியோ ஏரியில் சால்மன் மீன்பிடிப் போட்டி: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் மாதக் கடைசியில், விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவின் புளஃபர்ஸ் பூங்காவை நோக்கிச் சரிந்து இறங்கும் பிரிம்லி வீதியில் படகுகளை இழுத்துக்கொண்டு வாகனங்கள் வரிசையாகப் போவதைக் காணலாம். அவற்றுள் சில சால்மன் மீன்பிடிப் போட்டிக்கு வந்தவை. உள்ளூர் மீன்பிடிச் சங்கங்கள் நடத்தும் இத்தகைய போட்டிகளை இங்குள்ளோர் ‘டெர்பி’ என்கிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்கியவர் குறித்த நாட்களில், குறித்த எல்லைக்குள் பிடித்த மீனை நிறுவைக்குக் கொண்டுவருவார். அதிக நிறையுள்ள மீனுக்குப் பரிசு. சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு சால்மன் குஞ்சு வளர்ப்புக்கும் ஓடைகளைச் சீராக்கும் வேலைக்கும் போகும். பொதுவான அமைப்பு இவ்வளவுதான்.

முல்லைத்தீவிலோ நாகப்பட்டினத்திலோ கைத்தூண்டில் போட்டு வளர்ந்தவருக்கும் இந்த ஏரி புதிதுதான். மீனின் நடமாட்டம் வேறு, தண்ணீரின் குணம் வேறு, சட்டமோ முற்றிலும் வேறு. எதை முதலில் பழகுவது என்று கேட்டால், தூண்டில் வாங்குவதற்கு முன்பே மீனை இனங்காணப் பழகுங்கள் என்றுதான் சொல்வேன். பாதுகாப்புக்காக நடக்கும் ஒரு போட்டியில், பாதுகாக்கப்பட வேண்டிய மீனையே அறியாமல் அடித்துக் கொண்டுவந்து நிறுவைத் தட்டில் போடுவதைப் போன்ற சங்கடம் வேறொன்றில்லை. அது ஏன் எளிதில் நேரக்கூடியது என்பதை அறிய ஏரியின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வகைச் சால்மன், இரண்டு வரலாறு

ஒன்ராறியோ ஏரிக்கு உரிய சால்மன் அட்லாண்டிக் சால்மன். ஐரோப்பியக் குடியேற்றத்தின் தொடக்க காலத்தில் இலையுதிர்காலங்களில் ஓடைகளை நிறைத்துக்கொண்டு ஏறிய மீன் அது. மாவரைக்கவும் மரம் அறுக்கவும் கட்டப்பட்ட ஆலைகளின் அணைகள் அதன் வழியை மறித்தன. காடுகள் வெட்டப்பட்டதால் ஓடைகள் சூடேறி, முட்டையிடும் சரளைக்கற்களின் மேல் சேறு படிந்தது. எஞ்சி ஏறிய மீனையும் மக்கள் அள்ளிக்கொண்டே இருந்தார்கள். நியூகாசில் ஊரில் சாமுவேல் வில்மொட் என்பவர் 1860-களிலேயே முட்டை பொரிப்பகம் அமைத்து இம்மீனை மீட்க முயன்றார். வட அமெரிக்காவின் தொடக்ககாலப் பொரிப்பகங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏரியின் அட்லாண்டிக் சால்மன் அற்றுப்போனது.

இன்று போட்டிகளில் பரிசு வெல்லும் சினூக் சால்மன் பசிபிக் கடற்கரைக்கு உரியது. நம்முடைய சாளையை ஒத்த அலிவைஃப் என்ற சிறுமீன் ஏரியில் அளவுக்கு மீறிப் பெருகியபோது, அதைத் தின்பதற்காகவும் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்காகவும் 1960-களின் இறுதியிலிருந்து அமெரிக்க, கனடியக் கரைகளில் சினூக்கும், கோஹோ என்ற இன்னொரு பசிபிக் சால்மனும் விடப்பட்டன. அவை நன்றாகவே வேரூன்றின. பொரிப்பகக் குஞ்சுகளோடு, ஓடைகளில் இயல்பாகப் பிறக்கும் சினூக்கும் இப்போது கணிசமாக உண்டு.

அட்லாண்டிக் சால்மனை மீண்டும் நிலைநிறுத்தும் திட்டத்தை ஒன்ராறியோ மீன்பிடிப்போர் வேட்டையாளர் கூட்டமைப்பும் மாகாண இயற்கைவள அமைச்சும் சேர்ந்து 2006-இல் தொடங்கின. முதலில் தேர்ந்த நீரோட்டங்கள் கிரெடிட் ஆறு, கோபோர்க் ஓடை, டஃபின்ஸ் ஓடை ஆகியவை. டஃபின்ஸ் ஓடை பாய்வது தமிழர் பலர் வாழும் ஏஜாக்ஸ் நகரின் ஊடாக. வார இறுதியில் பிள்ளைகளோடு நடைபழகும் பாதையின் அருகிலேயே இந்த முயற்சி நடந்துவருகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வேலை எளிதாக இல்லை. அலிவைஃபில் உள்ள ஒரு நொதி தையமின் உயிர்ச்சத்தை அழிப்பதால், அதையே தின்று வளரும் தாய்மீனின் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் வலுவின்றி இறந்துபோவதும் இத்திட்டத்தின் சிக்கல்களுள் ஒன்று.

ஆகவே ஒரே ஏரியில், ஒரே நாளில், உங்கள் தூண்டிலில் உணவுக்கு வைத்துக்கொள்ளத்தக்க சினூக்கும் வரலாம், மீண்டு வருவதற்குத் தவிக்கும் அட்லாண்டிக்கும் வரலாம். ஏரியில் திரியும்போது இரண்டும் வெள்ளியாகவே மின்னும்.

எந்தப் போட்டியில் சேர்வது

சீட்டு வாங்குமுன் போட்டியின் விதித்தாளை முழுதாக வாசியுங்கள். பணம் எங்கே போகிறது என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ‘சால்மன் பாதுகாப்புக்கு’ என்று மொத்தமாகச் சொல்வது போதாது. எந்தப் பொரிப்பகத்துக்கு, குஞ்சு வளர்க்கும் எந்தத் துறைமுகத்துக் கூண்டுக்கு, எந்த ஓடைக்கு என்று கேளுங்கள். நேர்மையாக நடத்துபவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால் மகிழ்வார்கள், பதிலை நிறுத்த முடியாமல் பேசுவார்கள். ஸ்டோஃப்வில் அருகேயுள்ள ரிங்வுட் மீன் வளர்ப்பு நிலையத்தை மெட்ரோ ஈஸ்ட் ஆங்கிளர்ஸ் சங்கத்தின் தன்னார்வலர்கள் மேற்சொன்ன கூட்டமைப்போடு சேர்ந்து நடத்திவருகிறார்கள். இத்தகைய இடங்களில் தீனிக்கும் மின்சாரத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆண்டு முழுவதும் செலவு இருக்கிறது.

அடுத்து, ஒருவர் எத்தனை மீனை நிறுவைக்குக் கொண்டுவரலாம் என்று பாருங்கள். நாளுக்கு ஒரு மீன் என்று வரையறுக்கும் போட்டியையே நான் விரும்புகிறேன். மொத்த நிறைக்குப் பரிசு தரும் போட்டியில் படகுகள் மீனைக் குவிக்கத் தொடங்கும். புதிதாக வருபவர் அதில் கற்றுக்கொள்வதற்கு நல்லது எதுவும் இல்லை. சிறுவர் பிரிவு இருந்தால் குடும்பத்தோடு போகலாம்.

சீட்டை மீன்பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்பது எல்லாப் போட்டிக்கும் பொதுவான விதி. என் முதல் ஆண்டில், கரையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணிச் சீட்டில்லாமல் படகேறிவிட்டேன். அன்று பிடித்ததுதான் இன்றுவரை நான் பிடித்த மிகப்பெரிய மீன். நிறுவை மேசையில் இருந்த முதியவர் அதை நிறுத்துப் பார்த்து, எண்ணைச் சொல்லி, கைகுலுக்கி, வருத்தத்தோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அனுமதியும் சட்டமும்

போட்டிச் சீட்டு வேறு, மீன்பிடி அனுமதி வேறு. 18 முதல் 64 வயது வரையுள்ள மாகாணவாசிகள் ‘அவுட்டோர்ஸ் காட்’ என்னும் அட்டையையும் மீன்பிடி அனுமதியையும் எடுக்க வேண்டும். மாகாண அரசின் இணையத்தளத்திலோ சேவை ஒன்ராறியோ நிலையங்களிலோ எடுக்கலாம். அனுமதியில் ‘ஸ்போர்ட்’ என்றும் ‘கன்சர்வேஷன்’ என்றும் இரு வகை உண்டு. இரண்டாவது விலை குறைந்தது, வைத்துக்கொள்ளக்கூடிய மீனும் குறைவு. முதன்முறை செல்பவருக்கு அதுவே தாராளம்.

புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் இங்கே உண்டு. மாகாணவாசி என்று கருதப்பட, கடந்த 12 மாதங்களுக்குள் தொடர்ச்சியாக 6 மாதமாவது ஒன்ராறியோவில் வசித்திருக்க வேண்டும். இல்லையேல் வெளியார் கட்டணம். மேலும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு அனுமதி வேண்டியதில்லை என்பது கனடாவில் வசிப்பவர்களுக்கே பொருந்தும். ஊரிலிருந்து விருந்தாளியாக வந்திருக்கும் அப்பாவுக்கு எழுபது வயதானாலும், அவர் கையில் தூண்டில் கொடுக்குமுன் அவருக்கு வெளியார் அனுமதி எடுத்துவிடுங்கள். கட்டணமின்றி மீன்பிடிக்கும் நாட்கள் ஆண்டில் சில முறை அறிவிக்கப்படும். தந்தையர் தின வார இறுதி அவற்றுள் ஒன்று. சால்மன் போட்டிகள் பெரும்பாலும் அந்நாட்களில் வருவதில்லை.

ஒன்ராறியோ ஏரி மீன்வள மேலாண்மை வலயம் 20-ஐச் சேர்ந்தது. சால்மனும் அதற்கு உறவான ட்ரவுட் மீனும் சேர்த்து ஸ்போர்ட் அனுமதியில் நாளுக்கு 5, கன்சர்வேஷன் அனுமதியில் 2 என்பது மொத்த வரம்பு. அட்லாண்டிக் சால்மன் ஸ்போர்ட் அனுமதியில் ஒன்றே ஒன்று, அதுவும் 63 சென்றிமீற்றருக்கு மேற்பட்டதாக இருந்தால் மட்டும். கன்சர்வேஷன் அனுமதியில் ஒன்றுகூட இல்லை. சட்டம் ஒன்றை அனுமதித்தாலும், பாதுகாப்புக்கான போட்டிக்கு வந்துவிட்டு அதை வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வரம்புகள் மாறக்கூடியவை, ஆண்டுதோறும் வெளியாகும் மீன்பிடி விதிச் சுருக்கத்தின் வலயம் 20 பக்கத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கரையிலிருந்து சற்றுத் தள்ளினால் இணைப்பு நிச்சயமில்லை.

வாய் அல்லாத வேறிடத்தில் தூண்டில் முள் கொழுவிய மீனை உடனே விட்டுவிட வேண்டும். உண்ணத்தக்க மீனைக் கெட்டழிய விடுவதும் பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பதும் குற்றம். அயலவருக்குக் கொடுக்கலாம்; காசு வாங்கக் கூடாது.

மீனை இனங்காணுதல்

இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். படங்களை வீட்டிலேயே பார்த்துப் பழகுங்கள். தத்தளிக்கும் படகில், கையெல்லாம் சளி ஒட்டியிருக்க, அருகிலுள்ளவர்கள் உற்சாகத்தில் கூச்சலிட, உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான்.

முதலில் வாயைப் பாருங்கள். சினூக்கின் கீழ்த்தாடையில் பற்கள் முளைக்கும் ஈறு கரிபூசியதுபோல் கறுத்திருக்கும். வாயின் உட்புறமே இருண்டிருக்கும். கோஹோவின் நாக்கும் உள்வாயும் கறுத்திருந்தாலும், பற்களின் அடியில் ஈறு மட்டும் வெளிறிய ஒரு கோடாகத் தெரியும். அட்லாண்டிக்கின் வாய் வெளிறியது. மேல்தாடை கண்ணின் பின்விளிம்பு வரையோ அதைச் சற்றுத் தாண்டியோ நின்றுவிடும்.

அடுத்து வால். சினூக்கின் வாலில் மேல்மடல், கீழ்மடல் இரண்டிலும் கரும்புள்ளிகள் உண்டு. கோஹோவுக்கு மேல்மடலில் மட்டும் இருக்கும். அட்லாண்டிக்கின் வாலில் பொதுவாகப் புள்ளி இராது. ஆனால் செவுள் மூடியில் சில பெரிய கரும்புள்ளிகள் தெளிவாக இருக்கும். வால் உடலோடு சேரும் இடமும் அட்லாண்டிக்குக்கு ஒடுங்கியது. கையால் பற்றினால் இடுப்பைப் பிடித்ததுபோல் அடங்கும்.

ஐயம் தீரவில்லையென்றால் கீழ்ச்செட்டைக்குப் போங்கள். வாலுக்கு முன்னால் வயிற்றுப்புறத்தில் இருக்கும் அந்தச் செட்டையின் நரம்புகளை எண்ணினால் சினூக்குக்குப் பெரும்பாலும் 15-க்கு மேல் வரும். அட்லாண்டிக்குக்கு 12-ஐத் தாண்டாது. எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லாவிட்டால் செட்டையின் வடிவைப் பாருங்கள்: சினூக்கினது நீண்டு கிடக்கும், அட்லாண்டிக்கினது குட்டையாக நிமிர்ந்திருக்கும். பழுப்பு ட்ரவுட்டை அட்லாண்டிக்கென்று தவறாக எண்ணுவது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுண்டு. ஐயம் இருக்கும்வரை அது அட்லாண்டிக் என்றே கொண்டு விட்டுவிடுங்கள்.

முதுகுச்செட்டைக்கும் வாலுக்கும் இடையில் சதைத்துண்டுபோல் ஒரு சிறு செட்டை இருக்கும். அது ஒட்ட நறுக்கப்பட்டிருந்தால் அந்த மீன் பொரிப்பகத்தில் பிறந்தது. நிறுவை நிலையத்தில் ஆய்வாளர்கள் இருந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சில வேளைகளில் செதில்களையோ தலையையோ கேட்பார்கள். மறுக்காமல் கொடுங்கள். இயல்பாகப் பிறந்தவை எத்தனை, வளர்த்துவிட்டவை எத்தனை என்ற கணக்கு இப்படித்தான் சேர்கிறது.

படகா, கரையா

போட்டி நடக்கும் காலத்தில் சினூக் ஏரியின் ஆழத்தில் இருக்கும். அது விரும்பும் வெப்பநிலை ஏறத்தாழ 10 முதல் 13 பாகை வரை. கோடையில் மேற்பரப்பு 20 பாகையைத் தாண்டும்போது அந்தக் குளிர்ச்சியைத் தேடி அது கீழே போய்விடும். ஆகவே படகுக்காரர்கள் ‘டவுன்றிகர்’ என்ற கருவியில் நாலைந்து கிலோ நிறையுள்ள ஈயக்குண்டைக் கம்பியில் தொங்கவிட்டு, அதோடு தூண்டிலைக் கொழுவி வேண்டிய ஆழத்துக்கு இறக்கி, மெதுவாகப் படகை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். மீன் கடித்ததும் தங்கூசி (தூண்டில் நூல்) குண்டிலிருந்து தானாகக் கழன்றுவிடும். ஏரியின் பெரும்பகுதியில் படகிலிருப்பவர் ஆளுக்கு இரண்டு தூண்டில் வைத்திருக்கலாம், கரையில் ஒன்றுதான்.

படகு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. முதல் ஆண்டில் வாங்கவே வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து, உரிமம் பெற்ற ஓட்டியோடு ஒரு படகை அரைநாள் வாடகைக்கு எடுத்தால் கருவி, உயிர்காப்பு அங்கி, அனுபவம் மூன்றும் சேர்ந்து கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: பல போட்டிகளில் மீனைக் கடைசிவரை இழுத்து எடுப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். தூண்டிலை இன்னொருவரிடமிருந்து கைமாற்றி வாங்கினால் அந்த மீன் கணக்கில் சேராது. யார் எந்த முறை தூண்டிலை எடுப்பது என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிட்டுப் படகில் ஏறுங்கள். மைத்துனர்மார் மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கிறது.

கரையிலிருந்து பிடிப்பவருக்கு உரிய காலம் ஆகஸ்ட் இறுதியும் செப்டெம்பரும். முட்டையிடப் போகும் மீன்கள் அப்போது ஆற்றுவாய்களின் முன்னால் கூடும். போர்ட் கிரெடிட், பிரொன்றே, விற்பி, போர்ட் ஹோப் துறைமுகத் தடுப்புகளில், விடியலுக்கு முந்திய இருட்டில், டோர்ச் வெளிச்சம் பாய்ச்சினால் ஒளிரும் கரண்டி வடிவ உலோக இரையை எறிந்து இழுப்பார்கள். ஒன்பது அடி நீளமுள்ள உறுதியான கோல், 15 முதல் 20 இறாத்தல் தாங்கும் தங்கூசி, நீண்ட பிடியுள்ள ஒரு பெரிய அத்தாங்கு (கைவலை) ஆகியவை போதும். அத்தாங்கு இல்லாமல் தடுப்புச்சுவரில் நிற்பது, குடமில்லாமல் கிணற்றடிக்குப் போவதுதான்.

காற்றைப் படிப்பது இங்கேயும் உதவும். ஏரியின் வடகரையில், நம்மூரில் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று ஓரிரு நாள் விடாமல் வீசினால், மேற்பரப்பின் வெந்நீர் கரையை விட்டு விலகிப்போகும். அதன் இடத்தில் ஆழத்திலிருந்து குளிர்நீர் கரையோரத்துக்கு மேலேறி வரும். நேற்றுப் பிள்ளைகள் குளித்த இடத்தில் இன்று கால் வைக்க முடியாது. கூடவே சினூக்கும் கரையை நெருங்கும். போட்டி வாரத்தில் வானிலை அறிவிப்பைப் பார்க்கும்போது மழையை விடக் காற்றின் திசையைக் கவனியுங்கள்.

அதே குளிர்நீர் ஆளையும் கொல்லும். நல்ல வெயில் நாளில்கூட தண்ணீரில் விழுந்தவரின் மூச்சு முதல் நிமிடத்திலேயே திணறிவிடும். நீச்சல் தெரிந்திருப்பது அப்போது பெரிய உதவியாக இராது. படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை இருக்கைக்கடியில் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் தடுப்புச்சுவரில் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும். பாசி படிந்த கல் யாரையும் விட்டுவைப்பதில்லை.

போட்டிக் காலத்தில் ஓடைக்குள் மீன் ஏறத் தொடங்கியிருக்கும். முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு கை நீள மீன் நீந்துவதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஓடைகளுக்கு ஏரியை விட வேறான பருவ எல்லைகளும் முழுத் தடையுள்ள இடங்களும் உண்டு. போட்டி எல்லையும் பெரும்பாலும் ஆற்றுவாயோடு முடிந்துவிடும். அங்கே தூண்டிலை எடுக்கவே எடுக்காதீர்கள்.

மீன் கடித்த பின்

சினூக்கின் முதல் ஓட்டம் நூறு மீற்றருக்கும் மேல் தங்கூசியை உருவிக்கொண்டு போகலாம். தங்கூசியைச் சுற்றும் சுழலியின் பிடியை இறுக்கி அதை நிறுத்த முயன்றால் முடிச்சு அறுந்துவிடும். ஓட விடுங்கள், அது நிற்கும்போது கோலை மெல்ல உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்றுங்கள். முடிச்சுப் போடும்போது எச்சிலால் நனைத்து இறுக்குவதை மறக்க வேண்டாம். உலர்ந்த தங்கூசி உராய்வில் சூடாகி அங்கேயே பலவீனப்படும்.

மீன் படகோரத்துக்கு வந்ததும், அத்தாங்கில் ஏந்தி, அது தண்ணீருக்குள் இருக்கும்போதே இனம் பாருங்கள். விட வேண்டிய மீனென்றால் நனைந்த கையால் மட்டும் தொடுங்கள். செவுளுக்குள் விரல் நுழைக்காதீர்கள். முள்ளை நீட்டுக் குறட்டால் கழற்றி, நீந்தத் தொடங்கும்வரை தாங்கிப் பிடியுங்கள். படம் எடுக்க ஆசை இருந்தால், கைபேசியை இன்னொருவர் ஆயத்தமாக வைத்திருக்க, ஒருமுறை உயர்த்தி உடனே இறக்குங்கள்.

பிடித்து விடுவதே எப்போதும் நல்லது என்று சிலர் எண்ணுகிறார்கள். குளிர்ந்த ஆழத்திலிருந்து வெகுநேரம் போராடி, சூடான மேற்பரப்புக்கு வந்து களைத்துப்போன சினூக்கை நீரில் விட்டால் அது பிழைப்பது நிச்சயமில்லை. ஆகவே கோடை நடுவில் பத்து மீனைப் பிடித்துப் பத்தையும் விட்டேன் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வைத்துக்கொள்ளக்கூடிய மீன் கிடைத்தால் வைத்துக்கொண்டு, தேவையான அளவு சேர்ந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவதே முறை என்பேன். வைத்துக்கொள்ளும் மீனைத் தலையில் ஓங்கி ஒரே அடியில் கொன்று, செவுளை அறுத்துக் குருதியை வடித்து, பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பெட்டியில் இடுங்கள். குருதி வடித்தால் நிறை சற்றுக் குறையும். பரிசை நினைத்து அதைத் தவிர்ப்பவர் சட்டியில் அதற்கு விலை கொடுப்பார்.

நிறுவை நிலையம்

மீனை அறுக்காமல், உறையவிடாமல், முழுதாகக் கொண்டுபோக வேண்டும். நனைந்த சாக்கால் மூடி வையுங்கள். வெயிலில் காய்ந்தால் நிறை குறைந்துகொண்டே போகும். அனுமதி அட்டை, போட்டிச் சீட்டு, அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். நிறுவை மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் எடுக்க மாட்டார்கள், வாதாடுவதில் பயனில்லை.

மீனின் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள், வாய்க்குள் விளக்கடிப்பார்கள், பரிசு பெரிதானால் பொய்கண்டறியும் கருவியின் முன்னும் உட்காரச் சொல்லலாம். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022-இல் அமெரிக்கக் கரையில், ஈரி ஏரியில் நடந்த, ‘வால்ஐ’ (walleye) என்ற மீனுக்கான ஒரு போட்டியில், வென்றவர்களின் மீனை மேசையிலேயே அறுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள்ளிருந்து ஈயக்குண்டுகள் உருண்டு விழுந்தன. வழக்குத் தொடரப்பட்டு அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு சோதனை இன்னும் இறுகியிருக்கிறது.

படகைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் அடைப்பானைக் கழற்றி நீரை வடித்து, ஒட்டியிருக்கும் நீர்ச்செடிகளை நீக்கிய பின்பே வீதியில் இழுத்துச் செல்ல வேண்டும். அந்நிய உயிரினங்கள் வேறு நீர்நிலைக்குப் பரவாமல் தடுக்க 2022 தொடக்கம் மாகாணத்தில் இது கட்டாயம்.

வீட்டுச் சட்டிக்கு

இலங்கையில் ‘சமன்’ என்ற பெயரில் வழங்கும் ரின்மீனுக்குள் பெரும்பாலும் இருப்பது வேறு மீன். ஆகவே உண்மையான சால்மனை வெட்டிக் குழம்பு வைப்பது பலருக்கு இதுவே முதன்முறையாக இருக்கும். சினூக்கின் சதை எண்ணெய்ப்பற்று உள்ளது, விரைவில் வெந்துவிடும். புளிக்கரைசல் கொதித்து வற்றிய பிறகு துண்டுகளைப் போட்டு, கரண்டி இடாமல் சட்டியைச் சுற்றி ஆட்டி இறக்கினால் உடையாது.

ஆனால் பெரிய சினூக்கின் தலையைக் குழம்புக்கு எடுக்காதீர்கள். பாதரசமும் பிசிபி போன்ற வேதிப்பொருள்களும் இந்த ஏரியின் பெருமீன்களில் சேர்கின்றன; அவற்றுள் பிசிபி வகை குறிப்பாகக் கொழுப்பில் தங்குகிறது. மாகாண அரசு வெளியிடும் மீன் உண்பதற்கான வழிகாட்டியில், எந்த இடத்து எந்த மீன், என்ன நீளத்தில், மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்ற அட்டவணை இருக்கிறது. கருவுற்றிருப்பவர்களுக்கும் கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அளவு தனியாகவும் மிகக் குறைவாகவும் குறிக்கப்பட்டிருக்கும். பெரிய சினூக்கை அவர்களுக்குக் கொடுக்காமல் விடுவதே பாதுகாப்பு. மற்றவர்களும் தோல், வயிற்றுக் கொழுப்பு, முதுகோரக் கருஞ்சதை, உள்ளுறுப்பு ஆகியவற்றை நீக்கிச் சதையை மட்டும் உண்ண வேண்டும். சினையைப் பொரித்துத் தின்னும் ஆசையையும் இங்கே அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். நீளம் குறைந்த மீனில் இவை குறைவு; பரிசு மீனை நிறுத்துப் படமெடுத்துக்கொண்டு, சட்டிக்குச் சிறியதைத் தேர்வது நல்லது.

போட்டிக்குப் பிறகு

செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் வரை, ஒரு மழை ஓய்ந்த மறுநாள் காலையில், தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு ஓடைக்குப் போங்கள். ஸ்காபரோவில் ஹைலண்ட் ஓடை பாயும் மோர்னிங்சைட் பூங்கா, ஹம்பர் ஆற்றின் ஓல்ட் மில் பகுதி, போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றின் கோர்பெட் அணை ஆகியவை மீன் ஏறுவதைப் பார்க்க ஏற்ற இடங்கள். வெள்ளி நிறம் போய் ஒலிவ் பழுப்பாகி, செட்டை நைந்து, பெட்டைகள் வாலால் சரளையை அகழ்ந்து முட்டையிடும். முட்டையிட்ட சினூக் எல்லாமே இறந்துவிடும். கரையொதுங்கிக் கிடப்பவற்றைப் பார்த்து நோயென்று அஞ்ச வேண்டாம்.

அதே பருவத்தில் தன்னார்வலர்கள் ஆற்றில் மீனைப் பிடித்து முட்டை சேகரிப்பார்கள். உதவிக்கு ஆள் தேவைப்படும். போட்டியில் சேர்ந்த சங்கத்திடமே கேட்டால் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்வார்கள். பொரிப்பகத்தில் குளிர்காலத்தைக் கழித்த குஞ்சுகள் ஏப்ரலில் துறைமுகங்களில் மிதக்கும் வலைக்கூண்டுகளுக்கு வரும். நேரே ஏரியில் கொட்டப்பட்ட குஞ்சுகளைவிடக் கூண்டில் சில வாரம் வளர்ந்தவை நன்றாகப் பிழைக்கின்றன. அந்தத் துறைமுகத்து நீரின் மணமும் அவற்றின் நினைவில் பதிந்துவிடுவதால், வளர்ந்தபின் அங்கேயே திரும்பிவரும். பகலில் பலமுறை தீனி போட வேண்டும் என்பதால் சங்கங்கள் முறைவைத்து ஆட்களை நிறுத்துகின்றன.

புதியவர்களுக்கு வழக்கமாக விடிகாலை முறைதான் கிடைக்கும். தடித்த கையுறையும் நீர்புகாச் சப்பாத்தும் கொண்டுபோங்கள். மிதவைப் பலகையில் பனி உறைந்து வழுக்கும். தீனி மணல்போல் பொடியாக இருக்கும். மொத்தமாகக் கொட்டினால் அடியில் வீணாகிவிடும். ஒரு கைப்பிடி எடுத்து, விதை தெளிப்பதுபோல் வீசி, தண்ணீர் மழைத்துளி விழுந்ததுபோல் சலசலத்து அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த பிடியை வீசுங்கள். சலசலப்புக் குறைந்தால் நிறுத்திவிட்டு, நேரத்தையும் தண்ணீரின் வெப்பநிலையையும் இறந்த குஞ்சுகளின் எண்ணிக்கையையும் அங்கே தொங்கும் குறிப்பேட்டில் எழுதி, கூண்டின் மேல்வலையை மறக்காமல் மூடிவிட்டு வாருங்கள். நீர்க்காகங்கள் உங்களுக்கு முன்பே வந்து பக்கத்துக் கம்பத்தில் காத்திருக்கும்.